சஸ்டெய்னபிள்னா தமிழ்ல என்ன? தாங்குமா தாங்காதா

போன வருசம் கல்லுப்பட்டி பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டத்துக்கு நோட்டீஸ் மொழிபெயர்க்கிற வேலை வந்துச்சு, பயோஃபியூல், அதாவது செடி கொடில இருந்து எடுக்குற எரிபொருள் பத்தி, எட்டு பக்கம். "சஸ்டெய்னபிள் பயோஃபியூல்"னு எங்கெல்லாம் இருந்துச்சோ அங்கெல்லாம் கலைச்சொல் பட்டியல பாத்து "நிலைத்த உயிரி எரிபொருள்"னு போட்டு குடுத்துட்டேன். கூட்டத்துல முன்னாடி உக்காந்திருந்த ஒரு பெரியவர் நோட்டீஸ கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு, கண்ண சுருக்கி படிச்சுட்டு கேட்டாரு, "ஏந்தம்பி, எரிபொருள்னா எரிஞ்சு தீரணும், இதென்ன நிலைச்சு நிக்கும்னு போட்ருக்கு, அப்ப எரியவே எரியாதா?" கூட்டமே சிரிச்சுச்சு, நானும் சேந்து சிரிச்சேன், ஆனா ராத்திரி மதுரைக்கு பஸ்ல திரும்பும்போது சிரிப்பு வரல, ஏன்னா அவரு சொன்னது சரி, நான் போட்ட வார்த்தை தப்பு.

அன்னைல இருந்து இந்த ஒரு சொல்ல நோண்டிக்கிட்டு இருக்கேன்.

சஸ்டெயின்ங்கிறதுக்கு வேர் லத்தீன்ல இருக்கு. சப்னா கீழ, தெனேரேன்னா பிடிக்கிறது, ரெண்டும் சேந்தா கீழேருந்து பிடிச்சு விழாம வச்சிருக்கிறது. சுவர் சாஞ்சா முட்டுக் குடுக்குறோம்ல, அந்த வேலை. சொல்லு லத்தீன், ஆனா இன்னைக்கு அதுல ஏறியிருக்கிற அர்த்தம் ஜெர்மன்காரனோட விறகு கணக்குல இருந்து வந்தது. சாக்சனில ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ்னு ஒருத்தர், வெள்ளிச் சுரங்க நிர்வாகத்துல பெரிய அதிகாரி. வெள்ளிய உருக்க கரி வேணும், கரிக்கு மரம் வேணும், சுத்தி இருந்த காட்டெல்லாம் வெட்டி வெட்டி மொட்டையாயிருச்சு, உலை அணைஞ்சா வருமானம் போச்சு. அதனால 1713-ல காடு வளர்ப்பு பத்தி ஒரு பெரிய புஸ்தகம் போட்டு, எவ்வளவு வளருதோ அவ்வளவு தான் வெட்டணும்னு எழுதுனாரு, அதுக்கு அவரு பிடிச்ச சொல்லு தான் பின்னாடி ஜெர்மன்ல நாஹ்ஹால்டிஹ்கைட்னு ஆச்சு. நாஹ்னா பிறகு, ஹால்டன்னா பிடிச்சு வைக்கிறது, பிறகுக்கும் கையில வச்சிருக்கிறதுன்னு சொல்லலாம். ஆக இந்தக் கருத்து பொறந்ததே விறகுத் தட்டுப்பாட்டுல தான், விறகும் கரியும் பயோஃபியூல் இல்லாம வேறென்ன.

இந்த ஜெர்மன் கணக்கு நம்ம ஊருக்கு வந்து ரொம்ப நாளாச்சுங்கிறது தான் பலருக்கு தெரியாது. 1864-ல பிரிட்டிஷ் இந்தியாவுக்கு முதல் வனத்துறைத் தலைவரா வந்த டீட்ரிஷ் பிராண்டிஸ் ஒரு ஜெர்மன்காரர். மெட்ராஸ் ராஜதானில அப்ப ரயிலே விறகுல ஓடுன காலம், காடு தீந்துரக்கூடாதுன்னு வெள்ளைக்காரனுக்கும் கவலை. காட்ட காப்பாத்துனாங்க, சரி, ஆனா கூடவே ஆடு மேய்க்கிறவனையும் சுள்ளி பொறுக்குற பொம்பளையையும் சட்டம் போட்டு வெளிய நிறுத்துனாங்க. காடு தாக்குப்பிடிச்சுச்சு, காட்ட நம்பி இருந்தவுக நிலைமைய கணக்குல யாரும் எழுதல. சஸ்டெய்னபிலிட்டியோட சமூகப் பக்கம்னு இன்னைக்கு கருத்தரங்குல பேசுறாங்களே, அந்தப் பிரச்சனைக்கு 150 வயசு தாண்டிருச்சு.

1987-ல ஐநா குழு ஒன்னு, நார்வே பிரதமரா இருந்த ப்ரன்ட்லாண்ட் அம்மா தலைமைல, இப்ப இருக்கிறவுக தேவையும் தீரணும் பின்னாடி வர்றவுக தேவைக்கும் குறை வரக்கூடாதுன்னு சஸ்டெய்னபிள் வளர்ச்சிக்கு வரையறை சொல்லிச்சு, அதுக்கப்புறம் இந்த வார்த்தை சோப்பு பாக்கெட் வரைக்கும் வந்துருச்சு.

இப்ப தமிழுக்கு வருவோம். பட்டியல்ல பாத்தா ஆளுக்கொன்னு வச்சிருக்காங்க. நிலைத்தன்மைன்னா அது ஸ்டெபிலிட்டிக்கும் போகுது, ஆடாம அசையாம நிக்கிறதுக்கு தான் பொருந்தும். நீடித்த நிலைத்தன்னு சொல்றது ஒரே கருத்த ரெண்டு தடவ சொல்லி கனம் காட்டுறது, அரசாங்க மேடைக்கு நல்லா இருக்கும். வளங்குன்றா வளர்ச்சின்னு ஒன்னு இருக்கு, காதுக்கு நல்ல தமிழ் தான், கார்லோவிட்ஸ் இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு, ஏன்னா அதுல வளம் மட்டும் தான் இருக்கு, மனுசன் இல்ல. இலங்கைல பேண்தகுன்னு எழுதுறாங்க, பேணத் தகுந்தது. இது எனக்குப் பிடிச்ச சொல்லு, பேணுறதுன்னு சொன்னாலே பேணுறதுக்கு ஒரு ஆள் வேணும், அப்ப அந்த ஆளப் பத்தியும் பேசித்தானே ஆகணும்.

ஆனா இது எல்லாத்தையும் விட பொருத்தமான சொல்லு எங்க வீட்டு அடுப்படில இருந்துச்சு. "இந்த சிலிண்டர் இன்னும் எத்தன நாள் தாங்கும்?" எங்கம்மா மாசா மாசம் கேக்குற கேள்வி. செருப்பு ஒரு வருசம் தாங்கும், மாவு ரெண்டு நாள் தாங்கும். அதே தாங்கு தான் தூண் கூரைய தாங்குறதுக்கும், "என்னால தாங்க முடியலடா சாமி"ங்கிறதுக்கும். அடில இருந்து பிடிக்கிறது, நாள்பட இருக்கிறது, பாரத்தப் பொறுத்துக்கிறது, மூணும் ஒரே சொல்லுல. லத்தீன்காரன் கீழேருந்து பிடின்னு சொன்னான்ல, அச்சு அசல் அதே தான். கிணத்து தண்ணி கரும்புக்கு தாங்காதுன்னு எந்த விவசாயியும் சொல்லுவாரு, சஸ்டெய்னபிலிட்டி வகுப்பு எதுக்கும் போகாமலே. தாங்குதிறன்னு ஏற்கனவே வேற அர்த்தத்துல புழங்குதே குழப்பம் வராதான்னு கேப்பீங்க, வரும், பெயர்ச்சொல்லா ஆக்குனா தான் வரும், வினையாவே விட்டுட்டா வராது. வினையா விட்டா இன்னொரு லாபம், யாரு தாங்குறாங்கங்கிற கேள்வி தானா வந்து நிக்கும்.

அந்தக் கேள்விய கேக்காம விட்டதுக்கு எங்க பெரியப்பா காடு சாட்சி. பேரையூர் பக்கம் மானாவாரி நிலம், 2000-க்கு அப்புறம் நாடெல்லாம் காட்டாமணக்கு காட்டாமணக்குன்னு பேசுன நேரம், டீசல் செடி, தரிசுல தண்ணியில்லாம வளரும், ஆடு கடிக்காது, விதைய நாங்களே எடுத்துக்குவோம்னு ஒரு கம்பெனி ஆளுக வந்து சொன்னாய்ங்க, இவரும் ரெண்டு ஏக்கர்ல வச்சாரு. ஆடு கடிக்கலங்கிறது மட்டும் உண்மை, அதுல விசம் இருக்கு. தண்ணியில்லாம செடி உசுரோட இருந்துச்சு ஆனா காய்க்கல, மூணாவது வருசம் ரெண்டு சாக்கு விதை வந்துச்சு, அத எடுத்துக்க அந்த ஆளுக வரவே இல்ல, போன் போட்டா மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த சாக்கு ரெண்டும் மாட்டுக் கொட்டத்துல ரொம்ப நாள் கிடந்துச்சு, எலி கூட சீண்டல. பெரியப்பா ஒரே வார்த்தைல முடிச்சாரு, "கட்டுபடியாகலப்பா." இந்தக் கட்டுபடியும் நம்ம பட்டியல்ல சேர வேண்டிய சொல்லு தான், சஸ்டெய்னபிலிட்டில எக்கனாமிக் பக்கம்னு சொல்றாங்களே அதுக்கு இத விட தெளிவா ஒன்னும் கிடையாது.

இதுல இன்னொரு சொல்லையும் தோண்டணும், தரிசு. 2009-ல வந்த தேசிய பயோஃபியூல் கொள்கை, சாப்பிடாத எண்ணெய் வித்துகள தரிசுல தான் வளக்கணும், சோத்துக்கு போட்டியா வரக்கூடாதுன்னு நல்ல எண்ணத்துல சொல்லிச்சு, 2017-க்குள்ள பெட்ரோல் டீசல்ல 20 சதவீதம் கலக்குறதுன்னு குறி வச்சிச்சு. ஆனா தரிசுன்னு ரெவின்யூ கணக்குல எழுதுனா அது சும்மா கிடக்குதுன்னு அர்த்தமா? வெள்ளைக்காரன் வரி வராத நிலத்துக்கு வேஸ்ட்லாண்டுன்னு வச்ச பேரு அப்படியே ஒட்டிக்கிருச்சு. எங்க பக்கம் தரிசுல ஆடு மேயுது, வேலிக்கருவை நிக்குது, அத வெட்டித்தான் பாதி ஊரு அடுப்பெரிக்குது. சாத்தூர் பக்கத்துல அமெரிக்க ஆய்வாளர்கள் வந்து இந்த எரிசக்தி கணக்கையே போட்டு 2014-ல வெளியிட்டாங்க, காட்டாமணக்கு தரக்கூடியத விட ஏற்கனவே அங்க நின்ன வேலிக்கருவை தர்ற சக்தி தான் கூடுதல்னு. பயோஃபியூல் கொண்டு வரப்போறோம்னு இருந்த பயோஃபியூல பிடுங்குன கதை.

வேலிக்கருவைக்கு நான் வக்காலத்து வாங்குறேன்னு நினைச்சுராதீங்க, கண்மாய்க்குள்ள அது புகுந்து கிடக்குறத பாத்தா எனக்கும் வயிறு எரியும், 2017 வாக்குல அத அகத்தச் சொல்லி மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவு போட்டப்ப நானும் கை தட்டுனேன். ஆனா திருச்சுழி பக்கம் ஒரு தடவ கரிமூட்டம் போடுற இடத்துல அரைநாள் நின்னேன். கட்டைய வட்டமா அடுக்கி, செத்தை போட்டு, மேல மண்ணப் பூசி, அடில ஓட்டை விட்டு தீ வைக்கிறாங்க, உள்ள கொழுந்து விட்டு எரிஞ்சுறாம புகைஞ்சுக்கிட்டே இருக்கணும், எரிஞ்சா சாம்பல், புகைஞ்சா கரி. வெள்ளப் புகை நீலமா மாறுனா வெந்துருச்சுன்னு அர்த்தம். அந்தப் புகைக்குள்ள நின்னு ஓட்டைய அடைச்சுக்கிட்டிருந்த அக்கா கால்ல கிழிஞ்ச ரப்பர் செருப்பு, உள்ளங்கால்ல முள்ளுக் குத்து. "மூட்டத்த விட்டா வேற என்ன வேலை தம்பி இருக்கு, மழையே இல்லாட்டியும் இது இருக்குல்ல"ன்னாங்க. மரம் வெட்ட வெட்ட தழையுது, வளம் குன்றல, வளங்குன்றா எரிபொருள்னு தாராளமா முத்திரை குத்தலாம். தாங்குறது அந்த அக்காவோட நெஞ்சும் காலும்.

உலகத்துலயும் இதே கதை தான். 2007-ல மக்காச்சோளத்த எத்தனாலுக்கு, அதாவது வண்டிக்கு ஊத்துற சாராய எரிபொருளுக்கு, இழுத்த நேரம் மெக்சிகோல ரொட்டி விலை ஏறி சனம் தெருவுல இறங்கிருச்சு. 2009-ல பயோஃபியூலுக்கு ஐரோப்பா போட்ட சட்டத்துல கார்பன் புகை எவ்வளவு குறையணும், எந்தக் காட்ட அழிக்கக்கூடாதுன்னு கட்டாய விதி இருந்துச்சு, சோத்து விலை, நில உரிமை, கூலி இதெல்லாம் ரெண்டு வருசத்துக்கு ஒருக்க அறிக்கை எழுதுனா போதும்னு விட்டுட்டாங்க.

நம்ம பங்க்ல இப்ப ஊத்துற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், 2030-ன்னு இருந்த குறிய 2022-ல திருத்தி 2025-26-க்கு இழுத்து, எட்டியும்புட்டாங்க. எத்தனால்ல பெரிய பங்கு இப்ப மக்காச்சோளம். விலை ஏறுனப்ப பேரையூர்ல சோளம் போட்டவரு மீசைய முறுக்குனாரு, நாமக்கல்ல கோழிப் பண்ணைக்காரரு தீவனம் வாங்க முடியலன்னு தலைல கைய வச்சாரு, முட்டை வாங்குற நாம அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல. கரும்புக் கணக்கு இன்னும் மோசம், ஒரு டன்னுக்கு 70 லிட்டர் எத்தனால், ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2860 லிட்டர் தண்ணின்னு மத்திய அரசோட நிதி ஆயோக் அறிக்கையே சொல்லுது. அலங்காநல்லூர் சர்க்கரை ஆலை பல வருசமா அரைக்காம கிடக்கு, திறங்கன்னு விவசாயிக கேட்டுக்கிட்டே இருக்காங்க. திறந்தா நல்லது தான், ஆனா வைகை தாங்குமான்னு யோசிக்கணும், அத யோசிக்கிற பொறுப்ப மட்டும் விவசாயி தலைல கட்டக்கூடாது.

ஒரு சின்ன கொசுறு. பயோஃபியூலுக்கு உயிரி எரிபொருள்னு சொல்றோம், கிரேக்கத்துல பயோஸ்னா உயிர், வாழ்க்கை, அத அப்படியே தூக்கி வச்சது. ஆனா விளக்கெண்ணெய்ன்னு ஒரு பேரு நம்மகிட்ட எப்பவோ இருந்துச்சு, ஆமணக்குல இருந்து எடுத்து விளக்கெரிச்ச எண்ணெய், இன்னைக்கு அது வயிறு சுத்தம் பண்ண மட்டும்னு ஆயிருச்சு. சீமைல இருந்து வந்தது சீமெண்ணெய், சீமைல இருந்து வந்த மரம் சீமைக்கருவை, அதான் நம்ம வேலிக்கருவை. ரெண்டுமே நம்ம அடுப்புக்கு வந்து சேந்தது பாருங்க. டீசல் எஞ்சின் கூட 1900-ல பாரிஸ் கண்காட்சில கடலையெண்ணெய்ல ஓடுனது தான்.

நோட்டீஸ் ரெண்டாவது தடவ அச்சடிக்கும்போது "மண்ணும் மனுசரும் தாங்குற எரிபொருள்"னு மாத்தி அனுப்புனேன். ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் போன் போட்டு, இது கொச்சையா இருக்கு சார், நீடித்த நிலைத்தன்னே இருக்கட்டும்னாரு. சரி பேண்தகுன்னாவது போடுங்கன்னேன். அது சிலோன் தமிழ்னுட்டாரு.