பழைய தீர்ப்பில் எந்த வரி கட்டுப்படுத்தும்?

முடிந்த வழக்கை மறுபடி போட முடியாது என்பதாகத்தான் ‘ரெஸ் ஜூடிகேட்டா’ என்ற முன்தீர்ப்புத் தடையைப் பலர் புரிந்துகொள்கிறார்கள். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் 11-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது: வழக்கு மட்டுமல்ல, தனியொரு எழுவினாவும் (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய பிரச்சினைக் கேள்வி) மறுவிசாரணைக்கு வரக் கூடாது. கேட்கும் பரிகாரம் புதிதாக இருந்தாலும் கேள்வி பழையதென்றால் தடை உண்டு.

இரண்டு வழக்குகளிலும் தரப்பினர் அதே ஆட்களாக, அல்லது அவர்கள் வழி உரிமை கோரும் வாரிசு, கிரயம் பெற்றவர் போன்றோராக இருக்க வேண்டும். முன்பு தீர்ப்பளித்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இருந்திருக்க வேண்டும். கேள்வி விசாரிக்கப்பட்டு இறுதியாக முடிவாகியிருக்க வேண்டும்; மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அது இறுதி முடிவல்ல.

பெரும்பாலோர் சறுக்குவது வேறோர் இடத்தில். அந்தக் கேள்வி முந்தைய வழக்கில் ‘நேரடியாகவும் சாராம்சமாகவும்’ எழுந்திருக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு வழி: அந்த முடிவைத் தீர்ப்பிலிருந்து உருவிவிட்டால் தீர்ப்பாணை (தீர்ப்பின்படி பிறப்பிக்கப்படும் இறுதி ஆணை) நிற்குமா? நிற்குமென்றால், அது பெரும்பாலும் போகிறபோக்கில் சொன்ன கருத்து. அனுபோகத்தை (நிலம் யார் கைவசம் இருக்கிறது என்பதை) மட்டும் வைத்து உறுத்துக்கட்டளை (தடையாணை) வழங்கிய நீதிபதி, “நிலமும் இவருடையதுதான்” என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். பின்னர் வரும் உரிமைமூல (நிலம் யாருக்குச் சொந்தம் என்ற) வழக்கை அந்த வரி பொதுவாகக் கட்டுப்படுத்தாது. உரிமைமூலமே எழுவினாவாகி, அதைத் தீர்க்காமல் கட்டளை வழங்க முடியாத நிலை இருந்திருந்தால் கதை வேறு.

இன்னொன்று: காலாவதியானது என்று வழக்கு தள்ளுபடியாகிறது; ஆனால் நிலம் வாதியுடையது என்றும் தீர்ப்பு சொல்கிறது. தீர்ப்பாணை பிரதிவாதிக்குச் சாதகமானது. அவர் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வார்? அதனால் அந்த முடிவு அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. இது நியாயமான விதி.

அதேவேளை, முன்பே எழுப்பியிருக்க வேண்டிய வாதத்தைப் பதுக்கிவைத்துப் பின்னால் எடுக்கவும் இயலாது. 11-ஆம் பிரிவின் விளக்கம் 4 அதையும் முடிவானதாகவே கருதுகிறது.

தடையைக் கோருபவர் அதை எதிர்வழக்குரையில் (பிரதிவாதியின் பதில் மனுவில்) குறிப்பிட்டு, மெய்ப்பிக்க வேண்டும். தீர்ப்பின் நகலை மட்டும் தாக்கல் செய்வதுதான் வழக்கமான பிழை. பழைய வழக்குரை (வாதி தாக்கல் செய்த மனு), எதிர்வழக்குரை, எழுவினாக்கள், தீர்ப்பு ஆகிய நான்கின் சான்றிட்ட நகல்களும் வேண்டும். அப்போதுதான் எது வாதாடப்பட்டது என்று தெரியும். இத்தனையையும் பார்க்க வேண்டியிருப்பதால்தான், அதே சட்டத்தின் கட்டளை 7 விதி 11-இன் கீழ் வழக்குரையை நிராகரிக்கக் கோரும் கட்டத்தில் முன்தீர்ப்புத் தடையைப் பொதுவாக முடிவு செய்ய இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியது. அந்தக் கட்டத்தில் நீதிபதி முன்னால் இருப்பது புதிய வழக்குரை மட்டுமே.