காதருகே பாடாதவை: வன்னியில் வெட்டவெளியில் படுப்பவர்களுக்கு

வன்னியில் கூடாரம் அடித்துப் படுப்பவர்கள் அரிது. வெளியில் படுப்பவர்கள் ஏராளம். யானைக்கும் பன்றிக்கும் வயல் காப்பவர் காவல் கொட்டிலில் படுக்கிறார். மாட்டுக்காரர் பட்டியடியில் சாய்கிறார். தேன் எடுக்கப் போனவர்கள் காட்டுக்குள்ளேயே இரவைக் கழிக்கிறார்கள். ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகும் குடும்பங்கள் மரத்தடியில் தறப்பாள் விரித்து நாட்கணக்கில் தங்குகின்றன. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் நந்திக்கடல் பக்கத்து மணலில் பாய் போட இடம் கிடைப்பதே பெரும்பாடு. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களும் முல்லைத்தீவு வழியாகத்தான் போகிறார்கள். இப்போது வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும் "குளக்கட்டில் ஓர் இரவு படுக்க வேண்டும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். தடுக்கத் தேவையில்லை. வானம் பார்த்துப் படுப்பது நல்ல அனுபவந்தான்.

மருத்துவமனையில் இவர்களெல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "டொக்டர், நுளம்புக்கு என்ன பூசலாம்?" பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் பகுதியில் வெளியில் படுத்து எழுந்து, சில வாரங்கள் கழித்து நோயாளியாக வருபவர்களில் பலரைக் கடித்தது நுளம்பே அல்ல. நுளம்பாவது காதருகே பாடிவிட்டுக் கடிக்கிறது. மற்றவை பாடுவதில்லை, சில கடித்ததே தெரிவதில்லை.

நுளம்பை முதலில் முடித்துவிடுகிறேன். வன்னி என்றாலே மலேரியா என்றிருந்த காலத்தை ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கையில் உள்ளூரிலேயே பரவிவந்த மலேரியா கடைசியாகப் பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. நோய் போனதே தவிர, அதைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு போகவில்லை. ஆகவே இந்தியாவுக்கோ ஆபிரிக்க நாடொன்றுக்கோ போய்வந்து காய்ச்சல் கண்டவர் அதைச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். டெங்கு வேறு கதை. அதைப் பரப்பும் நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலைப் பொழுதிலும் கடிக்கும். திருவிழாவுக்குப் போன இடத்தில் மத்தியானம் மரநிழலில் குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு, வலையை இரவுக்கென்று மடித்து வைத்திருக்கும் தாய்மாரைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது.

இனி மணல் ஈ. பெயரைக் கேட்டுக் கடற்கரைப் பூச்சி என்று எண்ண வேண்டாம். நீளம் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். உடம்பெல்லாம் மயிர், வெளிறிய மண் நிறம். உட்கார்ந்திருக்கும்போது இறக்கைகளை மடிக்காமல் மேல்நோக்கி விரித்தே வைத்திருக்கும். டோர்ச் வெளிச்சத்தில் சுவரில் அப்படி ஒன்றைக் கண்டால் அது நுளம்புக் குஞ்சு அல்ல. இதற்குப் பறக்கும் வலு குறைவு. பெரும்பாலும் நிலத்தை ஒட்டியே தத்தித் தத்திப் போகும். சற்றுக் காற்று வீசினாலே நிலைகொள்ளாது. பகலில் கறையான் புற்று, மரப்பொந்து, மண்வெடிப்பு, மாட்டுக் கொட்டில் போன்ற இருண்ட, ஈரமான இடங்களில் அடங்கிக் கிடக்கும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை வெளியே வரும்.

அது பரப்புவது லீஷ்மேனியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய். இதே இன ஒட்டுண்ணி இந்தியாவின் பீகாரில் ஈரலையும் மண்ணீரலையும் தாக்கிக் கொல்லும் காலா-அசார் என்ற நோயைத் தருகிறது. இலங்கையில் அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுவது எங்கள் அதிர்ஷ்டம். வடக்குக் காடுகளில் இருந்த படையினரிடையே 2000-ஆம் ஆண்டுக்குப் பின் இது கூடுதலாகக் காணப்பட்டது. 2008 முதல் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருக்கிறது. கடித்து வாரங்கள், சில வேளை மாதங்கள் கழித்து, முகம், கை, கால் போன்ற திறந்த இடத்தில் பரு ஒன்று வரும். வலிக்காது, அரிக்காது. மெல்லப் பெருத்து, நடுவே பொருக்குக் கட்டி, புண்ணாகும். வலிக்காத புண்ணை யார் மருத்துவரிடம் காட்டுகிறார்கள்? மஞ்சள் பூசுவார்கள், பார்மசியில் களிம்பு வாங்குவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். நான்கு வாரமாகியும் ஆறாத எந்தப் புண்ணையும் தோல் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள்.

மூன்றாவது இன்னும் சிறியது. தெள்ளு என்றும் உண்ணி என்றும் இங்கே பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், செம்மஞ்சள் நிறம். காடு வெட்டிக் கைவிட்ட நிலத்தில் முளைத்த பற்றைகளிலும் வரம்போரப் புற்களிலும் எலி நடமாடும் இடங்களிலும் இருக்கும். புல் நுனியில் காத்திருந்து, உரசிப் போகும் உடம்பில் ஏறி, துணி இறுகிய இடத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும். அது தொற்ற வைப்பதுதான் உண்ணிக் காய்ச்சல்.

வழமையாக வருபவர் நடுவயது விவசாயி. ஒரு வாரக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலையிடி, உடம்பு உளைவு. பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்திருக்கும். பார்மசியில் வாங்கிய அமொக்சிசிலினைத் தவறாமல் விழுங்கியும் காய்ச்சல் விட்டிருக்காது. படுக்க வைத்துச் சாரத்தைத் தளர்த்தச் சொல்லிப் பார்த்தால், இடுப்பில் சாரம் இறுக்கிய கோட்டின் கீழே, அல்லது அரையிடுக்கில், அல்லது கமக்கட்டில், சுருட்டு நெருப்பால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு ஒன்று. சுற்றிவர மெல்லிய சிவப்பு வளையம். பக்கத்தில் நெறி கட்டியிருக்கும். "இது எப்போது வந்தது?" என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வலிக்கவில்லை, அவர் பார்க்கவுமில்லை. சிலருக்கு அந்தப் பொருக்கே இருப்பதில்லை. அப்போதுதான் "எங்கே படுத்தீர்கள்?" என்ற கேள்வி எங்களுக்கு உதவுகிறது.

கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். அமொக்சிசிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டொக்சிசைக்கிளின் என்ற மலிவான மருந்துக்குப் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விழும். பிந்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும். ஒரு சில ரூபாய்க் குளிசையால் முடிய வேண்டிய நோயாளி அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பதைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பொறுக்காத ஒன்று. ஆகவே காய்ச்சலென்று போனால் மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று கிழமைக்குள் காட்டிலோ வயலிலோ படுத்திருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

சரி, எப்படிப் படுப்பது?

பூசுவதைவிட இடம் முக்கியம். அந்த இடத்தைப் பொழுதுபட முன்னரே பார்க்க வேண்டும். புற்றடி, மாட்டுப் பட்டியடி, சருகு குவிந்த மரத்தடி, விறகுக் குவியல், நீர் தேங்கிய பள்ளம் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தள்ளிப் படுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. புல்லில் நேரே படுக்காதீர்கள், உடுப்பையும் புல்லில் காயப்போடாதீர்கள். சோளகம் வீசும் மாதங்களில் காற்றுப்படும் திறந்த மேடே சிறந்த பூச்சி மருந்து. ஆனால் நள்ளிரவில் காற்று விழுந்தால் அந்த மருந்தும் தீர்ந்துவிடும். பரணில் படுப்பவருக்கு மணல் ஈயின் தொல்லை கொஞ்சம் குறையும். யானை வந்தாலும் அதுதான் நல்லது.

அடுத்தது வலை. கூடாரம் இல்லை என்பதற்காக வலை கட்ட முடியாதென்றில்லை. ஒற்றைக் கொக்கி வலைக்கு ஒரு கிளை போதும். நான்கு மூலை வலைக்கு இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, மூலைகளைத் தடிகளில் இழுத்துவிடலாம். கீழே தறப்பாள், அதன்மேல் பாய், பாய்க்கு அடியில் வலையின் ஓரம். இந்தச் செருகலைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வலை நிலத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் அது அலங்காரமே. முழங்கை வலையில் ஒட்டிக் கிடந்தால் வெளியிலிருந்தே கடிக்கும். ஆகவே அகலமான வலையாக எடுங்கள். சாதாரண வலையின் கண்ணுக்குள்ளால் மணல் ஈ நுழைந்துவிடும். மருந்தேற்றிய வலையென்றால் கண்ணில் முட்டும்போதே மருந்து அதில் படும். அரசாங்கம் முன்பு கொடுத்த அப்படியான வலைகள் பல கோழிக்கூட்டிலும் பயிற்றங்கொடிப் பந்தலிலும் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். வைத்திருப்பவர்கள் நிழலில் உலர்த்துங்கள்; குளத்தில் அலசாதீர்கள், அந்த மருந்து மீனுக்கு நஞ்சு. ஒழுங்காகச் செருகிய வலைக்கு இன்னொரு பயனும் உண்டு. நிலத்தில் தூங்குபவரை இரவில் தீண்டும் கட்டுவிரியனையும் அது தள்ளி வைக்கும். அதன் கடியும் பல வேளை வலிப்பதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமை தொங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

உடுப்பு நீளமாக, தொளதொளவென்று, வெளிர் நிறத்தில் இருக்கட்டும். இறுகிய துணிக்கு மேலாலேயே நுளம்பு குத்தும். பற்றைக்குள் நடப்பதென்றால் காற்சட்டையின் கீழ் விளிம்பைக் காலுறைக்குள் செருகுங்கள்; பார்ப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். தங்குமிடம் வந்ததும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடுப்பை மாற்றுங்கள். சிற்றுண்ணிக்கு இதைவிட எளிய வைத்தியம் இல்லை.

பூசும் மருந்தில் டீட் 20 முதல் 30 வீதம் உள்ளதை, அல்லது பிக்காரிடின் உள்ளதைப் பாருங்கள். சில மணி நேரம் தாங்கும். வியர்த்தால் மறுபடி பூச வேண்டும். கணுக்கால், கழுத்து, காதின் பின்புறம் ஆகியவற்றை மறக்க வேண்டாம். கண்ணுக்கருகிலும் புண்ணிலும் குழந்தைகளின் கைகளிலும் பூசக்கூடாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எதுவும் பூசாமல் வலைக்குள் வைத்திருங்கள். வேப்பெண்ணெயும் சிட்ரொனெல்லா எண்ணெயும் கொஞ்ச நேரம் உதவும், இரவு முழுவதும் அல்ல. விட்டமின் பி குளிசையும் உள்ளிப் பூண்டும் கைத்தொலைபேசியில் ஒலி எழுப்பும் செயலியும் ஒன்றுக்கும் உதவா. மண்ணெண்ணெயை உடம்பில் தேய்ப்பவர்களுக்குத் தோல் வெந்துதான் நான் பார்த்திருக்கிறேன். சாராயம் குடித்தால் கடிக்காது என்பவருக்குச் சொல்வது: கடிப்பது நிற்காது, உங்களுக்குத் தெரிவதுதான் நிற்கும்.

புகையைப் பற்றி எங்கள் ஆட்களோடு வாதாட முடியாது. பொச்சுமட்டையும் பச்சை வேப்பிலையும் போட்டு மூட்டினால், புகை படும் பக்கத்தில் நுளம்பு குறையும்தான். மூட்டியவர் தூங்கி, நெருப்பு அணைந்ததும் எல்லாம் திரும்பி வரும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு அந்தப் புகையே நோய். வெட்டவெளியில் கொளுத்தும் நுளம்புத்திரியும் காற்றோடு போய்விடும். மூட்டத்தான் வேண்டுமென்றால், முதலில் அண்ணாந்து பார்த்து, கிளையில் குளவிக்கூடு இல்லையென்று உறுதிசெய்யுங்கள். குளவி கொட்டியவருக்கு உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ வீட்டு வைத்தியம் பார்க்க நேரமில்லை. உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

மழை விட்ட இரவுகளில் வெளிச்சத்துக்கு வரும் ஒரு சிறு வண்டையும் சொல்ல வேண்டும். எறும்பு போல ஒடுங்கிய உடம்பு, செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி. அது கடிப்பதே இல்லை. கழுத்தில் ஊரும்போது அடித்து நசுக்கினால் அதன் சாறு பட்டு, மறுநாள் தீக்காயம்போல் கோடாக எரிந்து கொப்புளிக்கும். ஊதிவிடுங்கள், நசுக்காதீர்கள். பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். விளக்கைப் படுக்கையிலிருந்து தள்ளி வையுங்கள்.

கடித்த இடத்தில் சவர்க்காரமும் குளிர்ந்த நீரும், தேவையானால் கலமைனும் போதும். சுண்ணாம்பு, பற்பசை, பற்றரி மை எதுவும் வேண்டாம். சொறிந்த புண்ணில் சீழ் வைத்து வருபவர்கள்தான் எங்களிடம் அதிகம்; நீரிழிவு உள்ளவருக்கு அது காலையே கெடுக்கலாம். உடம்பில் பிடித்த பெரிய உண்ணியை நெருப்பால் சுடாமல், நுனி ஒடுங்கிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். காதுக்குள் உண்ணி போனால் தீக்குச்சியும் சட்டை ஊசியும் மண்ணெண்ணெயும் வேண்டாம். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் அதைப் பார்த்து எடுத்துவிடுவார்கள்.

காய்ச்சல் தொடங்கினால், டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை பரசிட்டமோல் தவிர வேறு வலிமாத்திரை எடுக்காதீர்கள். மணல் ஈப் புண்ணென்று முடிவானால், வழக்கமாகப் புண்ணுக்குள்ளேயே கிழமைக்கொரு ஊசி போடுவார்கள். மூன்று நான்கு ஊசியில் புண் காய்ந்ததைக் கண்டு பலர் கிளினிக் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வயல் வேலை இருக்கிறது, பஸ் இல்லை, எல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் மருத்துவர் போதுமென்று சொல்லும்வரை வாருங்கள்.