காற்று விலகக் காத்திருக்கும் பசை

விமானப் பராமரிப்புப் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வீட்டுக் குழாய் ஒழுகினால் வெள்ளை டெஃப்லான் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிவிடுகிறோம். செஸ்னா 172 விமானத்தின் எரிபொருள் குழாய்க்கும் அதையே சுற்றப் போனேன். பயிற்றுநர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். தண்ணீரைத் தடுக்கும் டேப் பெட்ரோலைத் தடுக்காதா?”

தடுக்கும். பயிற்றுநர் பிடுங்கியதும் சரிதான். இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது எப்படி என்று புரிய, முதலில் மரை, அதாவது குழாய் முனையில் திருகுபோலச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளம், ஒழுகலைத் தடுக்கும் அமைப்பே அல்ல என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வெளிமரையின் முகடும் உள்மரையின் பள்ளமும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. முகடுகளைச் சற்று மழுக்கியே வெட்டுகிறார்கள் என்பதால், மரை சுற்றிச் செல்லும் வழியெங்கும் மெல்லிய இடைவெளி ஒன்று கூடவே சுற்றிச் செல்கிறது. சுமார் 10 மி.மீ. விட்டமுள்ள இணைப்பில் ஐந்து மரைகள் உள்ளே பிடித்திருந்தால், அது ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள சுருள் சுரங்கம். எண்ணெய்க்கு அந்த வழி போதும்.

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் பிரிக்ஸ் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த குழாய் மரை, இன்று என்.பி.டி. (National Pipe Taper) என்ற பெயரில் சிறிய விமானங்களின் எஞ்சினிலும் எரிபொருள் அமைப்பிலும் இருக்கிறது. அது நேராக இல்லாமல் ஆப்புப் போலச் சரிந்திருக்கும். நீளத்தில் 16 மி.மீ. போனால் விட்டம் 1 மி.மீ. மாறும். முறுக்க முறுக்க இறுகுவது அதனால்தான். (நம் ஊர்க் குழாய்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் மரை. அதன் கோணம் 55 பாகை, அமெரிக்க மரைக்கு 60. அரை அங்குல அளவில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைகள் என்பதால், ஒன்று மற்றொன்றில் ஏறுவதுபோல ஏறி ஏமாற்றும்.)

கால் அங்குலத்திலும் பாதி (1/8 அங்குலம்) என்று பெயரளவில் சொல்லும் சிறிய என்.பி.டி. மரையில் ஒரு முழுச் சுற்று முறுக்கினால், ஆப்பு விட்டத்தில் சுமார் 0.06 மி.மீ. நெருக்குகிறது. பெயர் சிறிதானாலும் அந்த மரையின் உண்மை வெளிவிட்டம் சுமார் பத்து மி.மீ.; அதற்கு அது 0.6 விழுக்காடு. இந்த நெருக்கத்தில் ஒரு பகுதியை மரை முகடுகள் நசுங்கித் தாங்கிக்கொள்கின்றன. மீதி, உள்மரை கொண்ட பாகத்தை விரியச் செய்கிறது. வார்ப்பு அலுமினியமோ 0.2, 0.3 விழுக்காடு விரிந்த உடனேயே பழைய நிலைக்குத் திரும்ப முடியாத கட்டத்தை எட்டிவிடும். கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரால் ஒன்றிரண்டு சுற்று என்ற வழக்கத்தைத் தாண்டி “இன்னும் ஒரு சுற்று இருக்கட்டும்” என்று முறுக்குவது, வண்டிச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைவிட மோசமான மூடநம்பிக்கை என்பேன். பழம் எஞ்சினை விரிசல் விடச் செய்வதில்லை.

டேப்பின் முதல் குற்றம் இங்கேதான் தொடங்குகிறது. 1938ஆம் ஆண்டு டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த டெஃப்லான், திடப்பொருள்களிலேயே மிக வழுவழுப்பான சிலவற்றுள் ஒன்று. உராய்வு குறைவதால் கைக்கு எதிர்ப்பே தெரியாமல் மரை உள்ளே போய்க்கொண்டிருக்கும்; எப்போது அளவு மீறினோம் என்று உணர்வதற்குள் மீறியிருப்போம். இரண்டாவது குற்றம் பெரிது. முறுக்கும்போது மரையின் ஓரம் டேப்பை நறுக்குகிறது. இழை ஒன்று கழன்று உள்ளே போகிறது. வீட்டில் அது வாளியில் வந்து விழும். விமானத்திலோ கார்புரேட்டரின் ஊசி வால்வில் சிக்கலாம், அல்லது எண்ணெய் அழுத்தமானிக்குச் செல்லும் வழியில் வேண்டுமென்றே வைத்திருக்கும் நுண்துளையை அடைக்கலாம். பெட்ரோலில் கரையாது என்ற டெஃப்லானின் பெருமையே இங்கே வினையாகிறது: சிக்கிய இழை சிக்கியபடியே இருக்கும்.

எல்லா இணைப்புக்கும் பூச்சு வேண்டும் என்றும் எண்ணிவிடக் கூடாது. விமானக் குழாய்களில் பரவலாக இருக்கும் ஏ.என். (Army-Navy) வகை இணைப்பில், குழாயின் வாயைப் புனல்போல விரித்து, 37 பாகைக் கூம்பின் மேல் அமர்த்தி, நட்டால் இழுத்துப் பிடிக்கிறார்கள். உலோகத்தோடு உலோகம் அமர்ந்து அடைப்பது கூம்பு. மரை வெறுமனே இழுக்கிறது. அதில் எதையும் பூசக் கூடாது. கார்களில் வழங்கும் 45 பாகை விரிப்பை இதோடு இணைத்தால் இரு கூம்புகளும் ஒரு கோட்டில் மட்டுமே தொடும். அது விரைவில் ஒழுகும்.

ஆக, சரிவு மரையின் சுருள் சுரங்கத்தை நிரப்ப, இழையாகக் கழலாத ஒன்று வேண்டும். என்றும் இறுகாத பிசின் போன்ற பூச்சுகள் சில உண்டு. அவையும் வேலை செய்கின்றன. ஆனால் எனக்குப் பிடித்தது, காற்று இருக்கும்வரை திரவமாக இருந்து, காற்று விலகியதும் கல்லாகிவிடும் பசை.

அதன் அடிப்படை மெத்தாக்ரிலேட் என்னும் ஒற்றைப்படி மூலக்கூறுகள். கூடவே சிறிதளவு பெராக்சைடு கலந்திருக்கும். பெராக்சைடு உடையும்போது, எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும் மூலக்கூறுத் துண்டுகளான தனி உறுப்புகள் (free radicals) பிறக்கின்றன. தனி உறுப்பு ஒரு மூலக்கூறைப் பற்றிக்கொள்ள, அது அடுத்ததைப் பற்ற, சங்கிலி நீண்டு பலபடியாகும். இதை நடுவில் கெடுப்பது ஆக்சிஜன். வளரும் சங்கிலியின் நுனியில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொண்டால் அந்த நுனி மந்தமாகிவிடுகிறது. அடுத்த மூலக்கூறைப் பற்ற அதற்கு வேகம் இல்லை. எனவே காற்று படும் இடமெல்லாம் பசை திரவமாகவே இருக்கிறது. மரைகளுக்கு நடுவே நசுக்கப்பட்டதும் நிலைமை மாறுகிறது: அங்கே கரைந்திருக்கும் கொஞ்ச ஆக்சிஜன் செலவாகித் தீர்ந்தபின் புதிதாக வர வழியில்லை. அதே நேரத்தில் இரும்பு அல்லது செம்பின் அயனிகள் பெராக்சைடை விரைந்து உடைக்கின்றன. தடுப்பவர் போய்விட்டார், தூண்டுபவர் வந்துவிட்டார். சுரங்கம் முழுவதும் இறுகிப்போகிறது.

இதன் அழகு, இறுக வேண்டிய இடத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான். வெளியே பிதுங்கியது திரவமாகவே நிற்பதால் துணியால் துடைத்துவிடலாம். தவறி உள்ளே ஒரு துளி போனாலும், அது டேப் இழைபோல நிற்காமல் எரிபொருளோடு போய்விடும். பசைக் குப்பியைக் கவனித்திருக்கிறீர்களா? வாங்கும்போதே அரைகுறையாகத்தான் நிரம்பியிருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, உள்ளே காற்று இருந்தாக வேண்டும், குப்பியும் ஆக்சிஜன் ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தாக வேண்டும். 1940களில் ஜெனரல் எலெக்ட்ரிக் வேதியியலாளர்கள் இப்படிப்பட்ட ஒரு திரவத்தை முதலில் கண்டபோது, அது கெட்டியாகாமலிருக்க ஓயாமல் காற்றைக் குமிழியிட வேண்டியிருந்தது. 1953இல், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் அதைக் குப்பியில் அடைக்கத்தக்கதாக்கினார், அதுவே லாக்டைட் என்ற பெயரில் விற்கும் பசை. ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம், கல்லூரி ஆய்வகத்தில் பசை ஆய்வுக்கு நிதி கேட்பவரை ஏளனமாகப் பார்ப்பது எனக்கு உவப்பானதல்ல.

ஒரு வேடிக்கையான விதிவிலக்கு: விமானத்தின் ஆக்சிஜன் குழாய்களில் இந்தப் பசைக்கு இடமில்லை. தூய ஆக்சிஜனில் கரிமப் பொருள்கள் எளிதில் தீப்பற்றும் என்பதால், அங்கே அதற்கென அங்கீகரித்த டெஃப்லான் டேப்பையே சுற்றுகிறார்கள். உங்கள் பயிற்றுநரின் பெட்டியிலும் ஒரு சுருள் இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பித்தளையிலும் எஃகிலும் விரைந்து இறுகும் பசை, அனோடைசிங் என்ற மின்வேதி முறையில் மேலே ஆக்சைடுப் படலம் ஏற்றிய நீல நிற அலுமினிய இணைப்புகளில் தயங்கும். அந்த ஆக்சைடுப் படலம் தேவையான அயனிகளைத் தருவதில்லை. எனவே முன்னதாகத் தூண்டி எனப்படும் திரவத்தைத் தெளிக்க வேண்டும், இல்லையேல் அதிக நேரம் விட வேண்டும். எந்த இணைப்புக்கு எந்தப் பூச்சு என்பதைத் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேடே முடிவு செய்யும். அது பசையைச் சொன்னால், பழைய மிச்சத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கி, வெளிமரையில் மட்டும், நுனியிலுள்ள முதல் மரையை வெறுமையாக விட்டுப் பூசுங்கள். இறுக விட்டு, எரிபொருளைத் திறந்து, மறுநாள் இணைப்பின் அடிப்பகுதியை வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். சிறிய விமானங்களுக்கான 100 எல்.எல். (Low Lead) வகைப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கிறது. பெட்ரோல் ஆவியாகிப் போனாலும், கசிந்த இடத்தில் நீலக் கறை நிற்கும்.