மீசையால் இரை தேடும் வரிக் கெளுத்தி

பெரும்பாலான கெளுத்தி இனங்கள் ஆற்றையும் குளத்தையும் விட்டு அகலாதவை. அவற்றிலிருந்து விலகி, செங்கடல் தொடங்கி சமோவா வரையிலான கரையோரப் பவளப்பாறைகளில் வாழ்வது வரிக் கெளுத்தி. கரும்பழுப்பு உடலில் நீளவாக்கில் ஓடும் வெள்ளைக் கோடுகளும், விலாங்கைப் போல் கூராக முடியும் பின்னுடலும், நான்கு இணை மீசைகளும் இதன் அடையாளங்கள். உடலில் சேரும் மிகை உப்பை வெளியேற்ற, குதத்துக்கு அருகே கிளைத்த உறுப்பு ஒன்றும் இதற்கு உண்டு.

இளம் மீன்கள் ஏறத்தாழ நூறு வரை ஒன்றோடொன்று உரசும்படி திரண்டு, மணலைக் கிளறிக்கொண்டே நகரும். இத்தனை நெருக்கத்துக்குக் கண்பார்வை மட்டுமே காரணமன்று. உடலிலிருந்து கசியும் பாஸ்பாடிடைல்கோலின் என்ற கொழுப்பு வகைகளின் கலவை கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடுவதால், தன் கூட்டம் எது, அயல் கூட்டம் எது என்று இவை மோப்பத்தாலும் பிரித்தறிகின்றன.

வளர்ந்த மீன்கள் பகலில் பாறை இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் இரை தேடும். இருட்டில், மணலுக்குள் வளை அமைத்து அசையாமல் கிடக்கும் புழுவை எப்படிக் கண்டுபிடிப்பது? இதன் நெருங்கிய உறவான ஜப்பானியக் கடல் கெளுத்தியை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது. புழு மூச்சுவிடும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு, வளையின் வாயருகே நீரைச் சற்றே அமிலமாக்குகிறது. நீரின் அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 0.1 குறைந்தாலே மீசையில் உள்ள உணர்விகள் அதை அறிந்துவிடும். இன்னும் வியப்பானது, புழுவே இல்லாத இடத்தில் சற்று அமிலமான கடல்நீரைக் கசியவிட்டபோதும் மீன்கள் அங்கே வந்து துழாவின. ஆனால் சுற்றியுள்ள நீரின் பிஎச் 8க்குக் கீழே இறங்கினால் இந்த உணர்வு மங்கிவிடும். இயல்பான கடல்நீரில் அது ஏறத்தாழ 8.1 என்பதால், கடல் அமிலமாகிவரும் இக்காலத்தில் இந்த இடைவெளி மிகக் குறுகியதே.

முதல் முதுகுத் துடுப்பிலும் இரு மார்புத் துடுப்புகளிலும் ஒவ்வொரு நச்சுமுள் உள்ளது. செத்த மீனின் முள்ளும் குத்தும் என்பதால் வலையிலிருந்து கழற்றும்போதுதான் பலரும் அடிபடுகிறார்கள். நஞ்சில் உள்ள புரதங்கள் வெப்பத்தில் சிதைபவை. ஆகவே தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் குத்துப்பட்ட இடத்தை அமிழ்த்தி வைப்பது வலியைத் தணிக்கும்.

சூயஸ் கால்வாய் வழியே இம்மீன் மத்தியதரைக் கடலுக்குள்ளும் நுழைந்து, இஸ்ரேல் கரையோரம் வெகுவாகப் பெருகிவிட்டது. முள் குத்தி அங்கு மீனவர்கள் காயமடைவதும் வழக்கமாகிவிட்டது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தன் ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது.