பேட்டரி என்பது மின்கலமா, மின்கல அடுக்கா?

போன மாதம் என் மின்சார ஸ்கூட்டர் நடுவழியில் நின்றுவிட்டது. பேட்டரி போச்சு, புதிதுதான் போட வேண்டும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். மனசு கேட்காமல் முத்தியால்பேட்டையில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே நீல உறை போட்ட விரல் நீள உருளைகள் நெருக்கமாக நின்றன. தலைக்குத் தலை நிக்கல் பட்டை பற்றவைத்திருந்தது. மொத்தம் 13 வரிசை. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார். 3.6 வோல்ட், 3.6, 3.6. ஒன்பதாவதில் 2.1. “இந்த வரிசைக் கட்டை மட்டும்தான் சார் இறங்கிடுச்சு” என்றார்.

கட்டை என்று அவர் சொன்னது செல்லை. டார்ச் லைட்டுக்கு இரண்டு கட்டை வாங்கி வா என்று வீட்டில் சொல்வார்களே, அதே கட்டை. பல கட்டைகள் சேர்ந்தால்தான் பேட்டரி. இந்த வேறுபாடு சொல் பிறந்தபோதே அதில் இருந்தது.

அடிப்பது என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது ‘பாத்ரி’, ஆங்கிலத்தில் பேட்டரி. அது பீரங்கிகளை வரிசையாக நிறுத்திய இடத்துக்குப் பெயராயிற்று. 1748-இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டு நிறுத்தியதும் அத்தகைய பீரங்கி வரிசைகளைத்தான். அடுத்த ஆண்டே, எங்கோ அமெரிக்காவில், பெஞ்சமின் பிராங்க்ளின் ஈயத் தகடு பொருத்திய 11 கண்ணாடிப் பலகைகளை ஒன்றாக இணைத்து, அதை மின் பேட்டரி என்று கடிதத்தில் எழுதினார். பல பீரங்கி சேர்ந்து முழங்குவதுபோலப் பல கண்ணாடி சேர்ந்து மின்சாரத்தைக் கொட்டுகிறது. ஒற்றைப் பீரங்கி பேட்டரி ஆகாது. ஒற்றைக் கட்டையும் ஆகாது.

1800-இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்டா துத்தநாக வட்டையும் வெள்ளி வட்டையும் மாற்றி மாற்றி வைத்து, இடையிடையே உப்புநீரில் நனைத்த துணியைச் செருகி ஓர் அடுக்கு செய்தார். பிரெஞ்சில் அதற்கு ‘பீல்’ என்று பெயர், அடுக்கு என்றே பொருள். டார்ச் கட்டையை இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் பீல் என்கிறார்கள். வண்டியில் இருப்பதுதான் அவர்களுக்குப் பாத்ரி.

சரி, தமிழுக்கு வருவோம். செல்லுக்கு மின்கலம், பேட்டரிக்கு மின்கல அடுக்கு. பள்ளிப் பாடநூல் சொல்லித்தருவது இதைத்தான். கலம் என்றால் பாத்திரம். உண்கலம், மண்கலம் எல்லாம் அந்தக் குடும்பம். 1836-இல் ஆங்கிலேய வேதியியலாளர் டேனியல் செய்த மின்கலமே ஒரு செம்புப் பாத்திரம். அதற்குள் ஒரு மண்கலம், அதற்குள் துத்தநாகம். இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமையுமா என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் செய்தித்தாளில் இரண்டுக்கும் ‘பேட்டரி’ என்றே எழுதுகிறார்கள். அதனால் ஒரு முக்கியமான விஷயம் கண்ணில் படாமல் போகிறது. இந்தியாவில் தயாரான லித்தியம் பேட்டரி என்று படிக்கிறோம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் மின்கலங்கள் சீனா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்தவை. இங்கே நடப்பது அவற்றை அடுக்கி, பற்றவைத்து, கண்காணிக்கும் மின்னணுப் பலகையைச் சேர்த்துப் பெட்டியில் அடைக்கும் வேலை. அதுவும் நுட்பமான வேலைதான், ஆனால் வேறு வேலை. அங்கே ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தால் இங்கே அடுக்குவதற்கு ஒன்றும் இருக்காது. 2021-இல் ஒன்றிய அரசு மின்கலத் தயாரிப்புக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தபோது, அதன் பெயரில் பேட்டரி என்று மட்டும் விடாமல் செல் என்பதையும் சேர்த்தே வைத்தார்கள். குறை எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பேச்சில் பேட்டரி இருக்கட்டும், அதை யாரும் விடப்போவதில்லை. எழுதும்போது பெட்டி முழுவதையும் சொன்னால் மின்கல அடுக்கு, உள்ளே இருக்கும் உருளையைச் சொன்னால் மின்கலம் என்று பிரித்து எழுதலாம். மின்கலவடுக்கு என்று சேர்த்தும் எழுதுவார்கள். எனக்குப் பிரித்து எழுதுவதே படிக்க எளிதாக இருக்கிறது. கடையில் கேட்கும்போது ‘கட்டை எந்த நாட்டுது அண்ணே?’ என்று கேட்டாலே போதும், அவருக்குப் புரியும்.