641 உள்ள போய் உட்கார்ந்துக்கிட்ட நம்பர்

4294967297. நம்ம கணக்குல 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. எனக்கு ரொம்பப் பிடிச்ச நம்பர் இது, ஏன்னு கேட்டா ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கோங்க, சொல்றேன்.

பிரெஞ்சுக் கணிதக்காரர் பியர் தெ ஃபெர்மா 1640-ல 3, 5, 17, 257, 65537-னு ஒரு வரிசைய பாத்தார். 2-ஐ 1, 2, 4, 8, 16-னு அடுக்குல ஏத்தி ஒண்ணு கூட்டுனா இதெல்லாம் வரும், அஞ்சுமே பிரைம், அதாவது 1-ஆலயும் தன்னாலயும் மட்டுமே வகுபடற நம்பர். அடுத்தது 2³²+1, அதாவது நம்ம நம்பர், அதுவும் பிரைமாத்தான் இருக்கும்னு நம்பினார். 92 வருஷம் கழிச்சு, 1732-ல, சுவிஸ் கணிதக்காரர் ஆய்லர் 641-ஆல இது மீதி இல்லாம வகுபடுதுன்னு காட்டிட்டார்.

சும்மா ஒவ்வொண்ணா வகுத்துப் பாக்கணும்னா இதோட வர்க்கமூலம் வரைக்கும் பாக்கணும், அது கிட்டத்தட்ட 65536, அதுக்குள்ள 6542 பிரைம் இருக்கு, கையால பண்ணா உயிர் போயிடும். ஆனா எல்லாத்தையும் பாக்கத் தேவையே இல்ல. ஏதோ ஒரு பிரைம் இதை வகுக்குதுன்னு வைங்க, அப்போ அதால 2³²-ஐ வகுத்தா மீதி -1 (அதாவது முழுசா வகுபட ஒண்ணு கம்மி), வர்க்கப்படுத்தினா 2⁶⁴-க்கு மீதி 1, அதனால 2, 4, 8-னு இரட்டிப்பாக்கிட்டே போனா மீதிங்க சரியா 64 அடிக்கு ஒருதரம் சுத்தி வருது, அப்படி சுத்தணும்னா அந்த பிரைம்ல ஒண்ணக் கழிச்சா 64-ஆல வகுபடணும். இந்தக் கடைசிப் படிய சொன்னதே ஃபெர்மாதான், அதுவும் அதே 1640-ல! அவர் கையிலயே சாவி இருந்திருக்கு.

ஆக 64-இன் மடங்கோட ஒண்ணு கூட்டி வர்ற பிரைம் மட்டும் போதும்: 193, 257, 449, 577, 641. அஞ்சாவதே மாட்டிக்கிச்சு. இந்த வழிய ஆய்லர் பிற்பாடு விளக்கியிருக்கார்.

இப்போ பேப்பர்ல, வகுக்காமலே பாக்கலாம். 640 = 5 × 2⁷, இது 641-க்கு ஒண்ணு கம்மி, அதனால மீதி -1-னு வச்சுக்கலாம். நாலாவது அடுக்குக்கு ஏத்துங்க, 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. ஆனா 5⁴ = 625, அது 641-க்கு 16 கம்மி, அதாவது -2⁴. அத உள்ள போட்டா -2³²-க்கு மீதி 1, அப்போ 2³²-க்கு மீதி -1. ஒண்ணு கூட்டுங்க, பூஜ்ஜியம்! முதல்தடவ இத போட்டுப் பாத்தப்போ எனக்கு புல்லரிச்சிடுச்சு. சந்தேகம்னா 641 × 6700417 பெருக்கிக்கோங்க.

இன்னொண்ணு. இதுல 2 கழிச்சா 4294967295 வருது, அது 3 × 5 × 17 × 257 × 65537. மேல இருக்கற அதே அஞ்சு பேர், ஒருத்தர்கூட விடாம. இந்த வரிசைல ஆறாவதா ஒரு பிரைம் இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் கிடைக்கல, 2-ஐ 2³³ அடுக்குக்கு ஏத்தி ஒண்ணு கூட்டுனா வர்ற நம்பர் பிரைமா இல்லையான்னு இன்னும் தெரியல.