வெயில் மிஞ்சினால் வெளுக்கும் சுருள்பாசி

புரதத்துக்காக உணவில் சேர்க்கும் சுருள்பாசியை (ஸ்பைருலினா) வளர்க்க வெயில் வேண்டும். நம்மூரில் அதற்கா பஞ்சம்? தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பி விதைப்பாசியை ஊற்றிவிட்டால் மீதியைச் சூரியன் பார்த்துக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறார்கள். சித்திரை வெயிலில் புதிதாக விட்ட பாசி மஞ்சளாக வெளுத்துப்போகும்போதுதான் சிக்கல் புரியும்.

ஒரு செல்லால் பயன்படுத்த முடிந்த ஒளிக்கு எல்லை உண்டு. உச்சிவெயிலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே ஒளிச்சேர்க்கை அதன் உச்ச வேகத்தை நெருங்கிவிடும். மிச்ச ஒளி வீண் மட்டுமல்ல, கேடும்கூட. ஒளியைப் பிடிக்கும் அமைப்பிலுள்ள டி1 என்னும் புரதத்தை அது சிதைக்கிறது. செல் அதை ஓயாமல் பழுதுபார்க்கும். பழுதுபார்ப்பதைவிடச் சிதைவு வேகமானால் வளர்ச்சி படுத்துவிடும். பாசி வெளிவிடும் ஆக்சிஜன் தண்ணீரிலேயே தேங்கினால் பாதிப்பு இன்னும் கூடும்.

வேடிக்கை என்னவென்றால், அடர்ந்த தொட்டியில் சில சென்டிமீட்டருக்குக் கீழே இருட்டு. மேலே இருப்பது வெந்துகொண்டிருக்க, கீழே இருப்பது ஒளிக்கு ஏங்கும். அதனால்தான் கலக்குகிறார்கள். பெரிய பண்ணைகளில் நீள்வட்டத் தொட்டியில், முழங்கால் உயரம்கூட இல்லாத தண்ணீரைத் துடுப்புச் சக்கரம் சுற்றிவிடும். சிறு தொட்டிகளில் துடைப்பமே போதும். ஒவ்வொரு பாசியிழையும் வெயிலுக்கு வந்து நிழலுக்குத் திரும்பும். தேங்கிய ஆக்சிஜனும் வெளியேறும். புதுத் தொட்டியில் ஒன்றுக்கொன்று நிழல் தரும் அளவுக்குப் பாசி இருக்காது. அடரும்வரை நிழல்வலை கட்டியே ஆகவேண்டும்.

வெப்பமண்டலத்தின் உண்மையான கொடை வெயிலைவிட வெதுவெதுப்புதான் என்பேன். சுருள்பாசிக்குப் பிடித்தது 35 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு. குளிர்நாட்டுத் தொட்டியில் காலை வெயில் ஏறினாலும் தண்ணீர் சூடேற நேரமாகும். குளிர்ந்த நீரில் பழுதுபார்ப்பு மந்தமாகி, மிதமான வெயிலே பாசியைத் தாக்கும். இங்கே ஆண்டின் பெரும்பகுதி அந்தத் தொல்லை இல்லை.

திறந்த தொட்டியில் வேறு பாசி புகாதா? சமையல் சோடா கரைத்த நீரில் பாசி வளர வளரக் கார அமில எண் (pH) 10ஐ ஒட்டி உயர்வதால் பெரும்பாலானவை பிழைக்காது. குளோரெல்லா என்னும் பச்சைப்பாசிக்கு இந்த அரண் கிடையாது. (சுருள்பாசி கண்டிப்பான கணக்கில் பாசியே அல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா.) பெருமழை பெய்து தொட்டி நீர்த்துப்போனால் அரணும் தளரும், சோடாவும் வழிந்தோடும், ஐப்பசிக்குமுன் கூரை போட்டுவிடுவது நல்லது.

அறுவடைக்கு நுண்துளைத் துணி போதும், இழைகள் அதிலேயே தங்கிவிடும். அதை விடியற்காலையில் செய்கிறார்கள். பகலில் சேர்த்த கார்போஹைட்ரேட்டை இரவெல்லாம் சுவாசித்தே பாசி செலவழித்திருக்கும். அதனால் புரதத்தின் விகிதம் காலையில்தான் அதிகம்.